ப்ராசஸரைக் கழற்றி மாற்றும் காலம் முடிகிறதா? சாக்கெட் பார்த்து வாங்கவும், இருப்பதை மாற்றவும் ஒரு கையேடு

டெஸ்க்டாப்பில் ப்ராசஸரை நாமே மாற்றும் வசதி போகப்போகிறது என்ற பேச்சு 2012 நவம்பரில் பெரிதாகக் கிளம்பியது. இன்டெலின் பிராட்வெல் தலைமுறை மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு மட்டுமே வரும் என்று ஜப்பானியத் தளம் ஒன்று எழுதியது. சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸரைக் கழற்றி மாட்டும் இருக்கை) போடும் ப்ராசஸர்களும் தொடரும் என்று இன்டெல் சொன்னது. சொன்னபடி 2015 ஜூனில் கோர் ஐ7-5775சி, ஐ5-5675சி இரண்டும் எல்ஜிஏ 1150 சாக்கெட்டிலேயே கடைக்கு வந்தன. டெஸ்க்டாப் தப்பியது, லேப்டாப் தப்பவில்லை. பிராட்வெல்லுக்கு முந்தைய ஹாஸ்வெல் தலைமுறைக்குப் பிறகு லேப்டாப்பில் சாக்கெட் கிடையாது. யாரும் அதற்காகப் பெரிதாகச் சத்தம் போடவும் இல்லை.

இப்போது டெஸ்க்டாப்பில் சால்டர் ப்ராசஸர் இரண்டு பக்கமும் நெருக்குகிறது. கீழ்ப்பக்கம் இன்டெல் என்100 போன்ற 6 வாட் ப்ராசஸர்கள். மினி பிசி, வீட்டு ஃபைல் சர்வர், பில்லிங் கவுன்டர் எல்லாம் இவற்றுக்குப் போய்விட்டன. மேல்பக்கம் ஆப்பிளின் எம் வரிசையும் ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸும். 2019 மேக் ப்ரோவில் சாக்கெட்டும் 1.5 டெராபைட் வரை ஏற்றக்கூடிய ரேம் ஸ்லாட்டுகளும் இருந்தன. 2023 மேக் ப்ரோவில் இரண்டும் இல்லை, ரேம் உச்சவரம்பு 192 ஜிபி.

இதைக் கம்பெனிகளின் பேராசை என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. ரைசன் ஏஐ மேக்ஸ் ப்ளஸ் 395, எல்பிடிடிஆர்5எக்ஸ்-8000 ரேமை 256 பிட் அகலத்தில் படிக்கிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 256 ஜிபி. சாதாரண டெஸ்க்டாப்பில் டிடிஆர்5-5600 ஸ்டிக் இரண்டு போட்டால் நொடிக்கு 89.6 ஜிபிதான். அந்த வேகத்தில் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள தூரம், ஸ்லாட், கனெக்டர் எல்லாமே சிக்னலைக் கெடுக்கும். ஆகவே ரேமைச் சால்டர் செய்கிறார்கள், ப்ராசஸரும் கூடவே ஒட்டிக்கொள்கிறது.

நடுவில் இருக்கும் சாதாரண அசெம்பிள் டெஸ்க்டாப்புக்குச் சாக்கெட் இன்னும் இருக்கிறது. ஆனால் சாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். அந்தச் சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை தலைமுறை பாக்கி என்பதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

மாற்றக்கூடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

கணினி கையில் இருந்தால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு 'பேக்கேஜ்' என்ற வரியைப் பாருங்கள். எல்ஜிஏ என்றோ, ஏஎம்டியின் ஏஎம்4, ஏஎம்5 என்றோ சாக்கெட் பெயர் வந்தால் மாற்றலாம். பிஜிஏ (BGA) என்று வந்தால் போர்டிலேயே ஒட்டியது. ஏஎம்டியில் எஃப்பி என்ற எழுத்துகளோடு எண் வந்தாலும், எஃப்எல்1 என்று வந்தாலும் ஒட்டியதுதான்.

கையில் இல்லாமல் விளம்பரத்தில் மட்டும் பார்க்கிறீர்கள் என்றால், ப்ராசஸர் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடிச் சாக்கெட் வரியைப் படியுங்கள். என்100-க்கு எஃப்சிபிஜிஏ 1264 என்று இருக்கும். கோர் ஐ5-12400-க்கு எஃப்சிஎல்ஜிஏ 1700. நடுவில் உள்ள 'பி' (B), 'எல்' (L) இரண்டில் எது என்பதுதான் விஷயம். பெயரின் கடைசி எழுத்தும் துப்புக் கொடுக்கும். இன்டெலில் யு, பி (P), எச், எச்எக்ஸ் என்று முடிந்தால் ஒட்டியது. கே, எஃப், டி என்று முடிந்தாலோ எழுத்தே இல்லாவிட்டாலோ பெரும்பாலும் சாக்கெட். ஏஎம்டியில் யு, எச்எஸ், எச்எக்ஸ் ஒட்டியவை. எக்ஸ், எக்ஸ்3டி, ஜி சாக்கெட்டுக்கானவை. ரைசன் 9 7945எச்எக்ஸ் போட்ட மினி ஐடிஎக்ஸ் போர்டுகள் விற்கின்றன. பார்க்கச் சாதாரண டெஸ்க்டாப் போர்டு மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது லேப்டாப் ப்ராசஸர், கழற்ற முடியாது.

சாக்கெட்டின் ஆயுள்

துளையும் பின்னும் ஒத்துப்போனால் ப்ராசஸர் ஓடும் என்று நம்பி வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஏழாம் தலைமுறை ஐ7-7700-உம் எட்டாம் தலைமுறை ஐ7-8700-உம் எல்ஜிஏ 1151-தான். ஆனாலும் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) வேண்டும். எச்110 போர்டில் 8700 உட்காரும், ஓடாது. எல்ஜிஏ 1150-இலும் இதே கதை: 5775சி-க்கு எச்97 அல்லது இசட்97 வேண்டும், எச்81-இல் வேலை செய்யாது.

எல்ஜிஏ 1700 மட்டும் 12, 13, 14 என்று மூன்று தலைமுறை ஓடியது. அது இப்போது முடிந்த சாக்கெட். 12100 அல்லது 12400 வைத்திருப்பவர்கள் அதே போர்டில் 14ஆம் தலைமுறை வரை போகலாம், அதற்கு மேல் வழி இல்லை. 2024-இல் வந்த அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 போர்டு வேண்டும்.

ஏஎம்4-தான் இதில் விதிவிலக்கு. 2017 மார்ச்சில் முதல் ரைசனுக்கு வாங்கிய பி350 போர்டில், பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) மட்டும் புதுப்பித்து, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை போட முடிகிறது. 2022-இல் வந்த ஏஎம்5-க்கு 2027-ஐத் தாண்டியும் ப்ராசஸர் தருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது; 7000, 9000 இரண்டு வரிசையும் ஒரே போர்டில் ஓடுகின்றன. புதிதாக அசெம்பிள் செய்து, மூன்று நான்கு வருடத்தில் ப்ராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் உள்ளவர்களுக்கு இன்றைக்கு ஏஎம்5 தவிர வேறொன்றைச் சொல்லக் காரணம் இல்லை. மாற்றும் எண்ணமே இல்லையென்றால் சாக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் விலை பார்த்து வாங்குங்கள்.

பிராண்டட் அலுவலகக் கணினிகளில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. சாக்கெட் இருக்கும், ஆனால் பயாஸ் அந்தக் கம்பெனி விற்ற ப்ராசஸர்களை மட்டும் ஏற்கும். இன்னும் மோசம், சில கம்பெனிகளின் பெட்டிகளில் ஓடிய ரைசன் ப்ரோ ப்ராசஸர் அந்தக் கம்பெனிக்கே பூட்டப்பட்டுவிடும். ப்ராசஸருக்குள் ஃப்யூஸ் எரித்துச் செய்யும் பூட்டு, திறக்கவே முடியாது. செகண்ட் ஹேண்டில் ரைசன் ப்ரோ மலிவாகக் கிடைத்தால் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். வேறு கம்பெனி போர்டில் ஓட்டிக் காட்டச் சொல்லாமல் காசு கொடுக்க வேண்டாம்.

ஏஎம்4-இல் ப்ராசஸர் மாற்றுவது

ரைசன் 1000, 2000 வரிசையிலிருந்து 5000-க்குப் போவது இன்றைக்கும் காசுக்கு மதிப்புள்ள மாற்றம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு பொது ஆதரவு முடிந்தது. முதல் ரைசன் வரிசை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை, 5000 வரிசை இருக்கிறது. பழைய டிடிஆர்4 ரேமும் அப்படியே ஓடும்.

முதலில் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டுக்கான சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறங்கள். போர்டின் பெயரோடு ரிவிஷன் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். அது போர்டிலேயே ஓரத்தில் அச்சிட்டிருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் ப்ராசஸர் பட்டியலில் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏ320 போன்ற மலிவு போர்டுகளில் 65 வாட் ப்ராசஸரோடு நிற்பது நல்லது. 65 வாட் என்று எழுதியிருந்தாலும் ஏஎம்4-இல் அது 88 வாட் வரை இழுக்கும். 105 வாட் என்பது 142 வரை. ஹீட்சிங்க் இல்லாத விஆர்எம் (ப்ராசஸருக்குக் கரண்டைச் சீராக்கித் தரும் பகுதி) அந்தச் சூட்டைத் தாங்காமல் வேகத்தைக் குறைக்கும். அப்புறம் புது ப்ராசஸர் வாங்கி என்ன பயன்?

கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 2200ஜி, 3400ஜி வைத்து, போர்டின் எச்டிஎம்ஐ-யில் மானிட்டரைச் செருகியிருப்பவர்கள் 5600 வாங்கிப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது. 'ப்ராசஸர் செத்து வந்திருக்கிறது' என்று கடைக்குத் திரும்பி வருபவற்றில் இதுவும் ஒரு வகை. கார்டு இல்லையென்றால் 5600ஜி அல்லது 5700ஜி வாங்குங்கள். இன்டெலில் எஃப் என்று முடிபவற்றுக்கும் இதே நிலைதான்.

இப்போது பயாஸ். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால், ப்ராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் இல்லாத போர்டில் பழையதைத் திரும்பப் போட்டுத்தான் செய்ய வேண்டும். தொடங்கும் முன் பயாஸில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். புதுப்பித்ததும் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குப் போய்விடும்: ரேமின் எக்ஸ்எம்பி வேகம், பூட் வரிசை, விர்ச்சுவலைசேஷன் எல்லாம். டிஸ்க் இணைப்பான சாட்டாவின் அமைப்பு ரெய்டில் இருந்து ஏஎச்சிஐ-க்கு மாறிவிட்டால் விண்டோஸ் திறக்காது, நீலத் திரையில் நிற்கும். படம் இருந்தால் இரண்டு நிமிட வேலை, இல்லாவிட்டால் அரை நாள்.

பென் டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து பயாஸ் ஃபைலை அதில் போடுங்கள். பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃப்ளாஷ் வசதியால் ஏற்றுங்கள்; விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்றும் மென்பொருள் வேண்டாம். ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து போகிறவர்கள் டவுன்லோடு பக்கத்தில் உள்ள குறிப்பைப் படிக்க வேண்டும்; இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போகச் சொல்லும் போர்டுகள் உண்டு. சில புதுப் பதிப்புகள் இடம் போதாமல் மிகப் பழைய ப்ராசஸர்களின் ஆதரவை நீக்கிவிடும். அதையும் அங்கேயே எழுதியிருப்பார்கள். ஏற்றும் நடுவில் கரண்ட் போனால் போர்டு எழாது. யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயாஸைத் தொடும் முன்பே அதை இடைநிறுத்தி, ரெகவரி கீயைப் பேப்பரில் எழுதி வையுங்கள். ப்ராசஸர் மாற்றி முதல்முறை ஆன் செய்யும்போது, புது ப்ராசஸர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம் (பிட்லாக்கர் போன்றவற்றின் சாவியைக் காக்கும் பகுதி) தகவலை அழிக்க 'ஒய்' அழுத்து, வைத்துக்கொள்ள 'என்' அழுத்து என்று கறுப்புத் திரையில் ஒரு செய்தி வரும். பழைய ப்ராசஸருக்குத் திரும்பப் போவதில்லை என்றால் ஒய். கீ இல்லாமல் ஒய் அழுத்தினால், பூட்டிய டிஸ்க்கில் உள்ளதைப் பிறகு யாராலும் எடுத்துத் தர முடியாது.

கழற்றும் வேலையில் பின் வளைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 பின். சாக்கெட் அவற்றைப் பிடித்திருக்கும், ஆனால் மேலே மூடி கிடையாது. சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து, ஹீட்சிங்க்கோடு ப்ராசஸரைப் பசைபோல ஒட்டி வைத்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் கழற்றும் முன் 10, 15 நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்குங்கள். ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சுவிட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, சூடு ஆறும் முன் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கூலரை மேலே தூக்காமல், இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். பிடி விட்டு வழுக்குவது கையிலேயே தெரியும். அதன் பிறகு ஒரு பக்கமாகச் சரித்து எடுங்கள்.

பாக்ஸில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் நான்கு ஸ்க்ரூவால் போர்டின் பின்பக்கத் தகட்டில் பூட்டப்படுகிறது. அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் தகடு பின்னால் கழன்று விழும். கேபினட்டின் மறுபக்க மூடியையும் திறந்து தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

லீவரைச் செங்குத்தாக உயர்த்தி, ப்ராசஸரை ஓரங்களில் பிடித்து எடுங்கள். பின் வளைந்திருந்தால் 0.5 அல்லது 0.7 மிமீ மெக்கானிக்கல் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த வெற்று முனையைப் பின்னில் செருகி மெதுவாக நிமிர்த்தலாம். வரிசையாக வளைந்திருந்தால் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தை வரிசைகளுக்கு நடுவே ஓட்டுங்கள். ஒரே பின்னை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடியும்.

புதியதில் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும்; சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் பொருத்தி விட்டால் ப்ராசஸர் தன் எடையிலேயே இறங்கும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள், எடுத்துப் பின்னைப் பாருங்கள். லீவரை இறக்கிப் பூட்டி, பட்டாணி அளவு பேஸ்டை நடுவில் வைத்து, கூலரை இறக்குங்கள். பழைய பேஸ்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்திருக்க வேண்டும். ஸ்க்ரூக்களைக் குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கினால் மறுபக்கம் காற்று இடைவெளி நிற்கும். ஃபேன் ஒயரை 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். வேறு இடத்தில் செருகினால் பல போர்டுகள் ஃபேன் எரர் காட்டி நிற்கும்.

ஆன் செய்தும் திரை வரவில்லை என்றால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு, திரும்பப் போடுங்கள். பிறகு ஒரே ஒரு ரேம் ஸ்டிக்கோடு முயலுங்கள். திரை வந்ததும் பயாஸில் சூடு பாருங்கள். அங்கேயே 60, 70 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்திருக்கிறீர்கள்.

எல்ஜிஏ-வில் வேறுபடுவது

இன்டெலிலும் ஏஎம்5-இலும் பின் சாக்கெட்டில் இருக்கிறது, ப்ராசஸரின் அடி தட்டை. மேலே இரும்பு மூடி அழுத்துவதால் கூலரோடு பிடுங்கி வராது. ஆனால் சாக்கெட் பின் தலைமுடியைப்போல மெல்லியது. விரலோ துணியோ பட்டால் போச்சு, அதை நிமிர்த்துவது ஏஎம்4 பின்னை நிமிர்த்துவதைவிடப் பல மடங்கு கடினம். புது போர்டில் வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப்போடாதீர்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது சாக்கெட் மேல் அது இருக்க வேண்டும்.

கூலரும் கவனம் வேண்டும். எல்ஜிஏ 115எக்ஸ் (1150, 1151 போன்றவை), 1200-இல் கூலர் துளைகளின் இடைவெளி 75 மிமீ. 1700, 1851-இல் 78. பழைய கூலருக்குப் புது பிராக்கெட் வேண்டும். ஏஎம்5-இல் பின்தகடு சாக்கெட்டோடு நிலையாகப் பூட்டியிருக்கிறது. ஏஎம்4-இல் தன் சொந்தத் தகட்டைப் பயன்படுத்திய கூலர் அப்படியே உட்காராது.

ஏஎம்5-இல் புது ப்ராசஸரோ ரேமோ போட்டு முதல்முறை ஆன் செய்தால் ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பதறி அணைத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடமாவது பொறுங்கள்.

ஒட்டிய ப்ராசஸர் வாங்குகிறவர்கள்

தவறில்லை. தினமும் 24 மணி நேரம் ஓடும் ஃபைல் சர்வருக்கு என்100 போர்டு, கரண்ட் பில்லைப் பார்த்தால் சாக்கெட் போர்டைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் பிறகு மாற்ற முடியாதவற்றை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். என்100-க்கு ரேம் ஒரே சேனல், இன்டெல் சொல்லும் உச்சவரம்பு 16 ஜிபி. பிசிஐஇ லேன் (ப்ராசஸருக்குத் தகவல் போய்வரும் பாதை) மொத்தம் 9. அதை நெட்வொர்க், எம்.2 (எஸ்எஸ்டி செருகும் ஸ்லாட்), சாட்டா எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். 'இரண்டு எம்.2 ஸ்லாட்' என்று விளம்பரத்தில் இருந்தால் ஒவ்வொன்றும் எத்தனை லேன் என்று கேளுங்கள். ஒரே லேனில் ஓடும் ஸ்லாட்டில் விலை உயர்ந்த எஸ்எஸ்டி போடுவது காசுக்குக் கேடு.

ரேமும் ஒட்டியிருந்தால், இன்றைக்குத் தேவை 16 என்றால் 32 வாங்குங்கள். கூலர் ஃபேன் பொதுவான அளவா, அடாப்டர் வெளிக்கடையில் கிடைக்கும் வகையா என்பதும் முக்கியம். ப்ராசஸருக்கு முன்னால் சாவது அவைதான்.

பழுதில்தான் சாக்கெட்டின் உண்மையான அருமை தெரியும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் அதிக வோல்டேஜால் தேய்ந்து தடுமாறிய விவகாரம் 2024-இல் வெடித்தது. இன்டெல் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் சிறு நிரல்) திருத்தங்கள் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட பாக்ஸ் ப்ராசஸர்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் கூட்டியது. அப்போது பயனர்கள் ப்ராசஸரை மட்டும் கழற்றி அனுப்பி மாற்று வாங்கினார்கள். போர்டு, ரேம், டிஸ்க் எதையும் தொடவில்லை. ஒட்டிய ப்ராசஸரில் இது நடந்தால் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும். அந்தத் தலைமுறை உங்களிடம் இருந்தால், 0எக்ஸ்12பி (0x12B) மைக்ரோகோடோ அதற்குப் பிந்தையதோ உள்ள பயாஸ் ஏற்றியிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். ஏற்கெனவே தேய்ந்த ப்ராசஸரை அது சரிசெய்யாது. வாரண்டிக்குத்தான் போக வேண்டும். ட்ரே பீஸ் என்று பெட்டி இல்லாமல் வாங்கியிருந்தால் விற்ற கடைக்காரர்தான் கதி.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பிஜிஏ மெஷின் வைத்து சிப் எடுத்துப் போடும் சர்வீஸ் கடைகள் உண்டு. செத்த சிப்பை அதே மாடல் சிப்பால் மாற்ற அது உதவும். பெரிய மாடல் சிப் வைத்து வேகம் கூட்டுவதற்கு அந்த வழி வேண்டாம்: போர்டின் பயாஸில் அந்த ப்ராசஸருக்கான மைக்ரோகோடு இருக்காது, பவர் சர்க்யூட் அதற்காக வடிவமைத்ததும் இல்லை. பழுதுக்குக் கொடுக்கும்போதும் சிப் புதியதா, இன்னொரு போர்டிலிருந்து எடுத்துப் புது சால்டர் உருண்டைகள் போட்டதா என்று கேட்டு, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.